ஐந்து நாற்பது

விடிவதற்குள் என் செல்போன் பேச ஆரம்பித்துவிடும்.
பேச்சென்றால் பேச்சில்லை,
இரண்டு மணி அடித்து நின்றுவிடும்.
உப்பலவாடிக் கொத்தனார்: விழுங்கியாச்சு.
சிங்காரத்தோப்பு முருகாயி: விழுங்கியாச்சு.
கூட்டுறவு பேங்க் பியூன், வீட்டுக்குத் தெரியாமல்
மொட்டைமாடியிலிருந்து: விழுங்கியாச்சு.
எடுக்கவே கூடாத அழைப்புகள்.
நோட்டில் டிக் போட்டுவிட்டு
உலையில் அரிசி போடுவேன்.

அஞ்சாபுலியின் அழைப்பு மட்டும்
சாவி கொடுத்து வைத்ததுபோல் ஐந்து நாற்பது.
நாற்பத்தொரு நாள். ஒன்றுகூடத் தவறவில்லை.
மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று
இவரைப் போல இருக்க வேண்டும் என்று
பேர் சொல்லாமல் பெருமையும் பட்டேன்.

எடை மெஷின் பெருமைப்படவில்லை.
நாற்பத்தாறு கிலோவில் வந்தவன்
நாற்பத்து மூன்றரை.

ஸ்கூட்டியில் முதுநகர் தாண்டிப் போனேன்.
கருவாட்டு வாடை ஹெல்மெட்டுக்குள் ஏறி
என்னோடே வந்தது.
வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒன்னுக்கு என்ன கலருல போவுது?"

பன்னிரண்டு வருஷமாகக் கேட்கிறேன்,
இன்னும் எந்த ஆம்பளையும்
என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னதில்லை.
"கலரா? தண்ணி கலருதான் மேடம்."

அந்த மாத்திரை உள்ளே போனால்
பெட்டிக்கடை ஆரஞ்சு சோடா மாதிரி வெளியே வரும்.
மிஸ்டு கால் பொய் சொல்லும்.
மூத்திரத்துக்குத் தெரியாது.

கதவோரம் தில்லைக்கரசி
போனை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.
ஐந்து நாற்பதுக்குப் படகு
சிக்னல் எட்டாத தண்ணீரில் இருக்கும்;
இதே ஊரில் பிறந்த எனக்கு
நாற்பத்தொரு நாளும் அது உறைக்கவில்லை.

"மொத நாள் வாந்தி. அதோட சரி.
போட்ல ஒன்பது பேரு, ஒரே குண்டான் சோறு.
மாத்திரையப் பாத்தா எறக்கி வுட்டுருவானுவ.
கடல்ல வீசிட்டேன்."
சிரித்தான், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.
"இனிமே மீனுக்குக் காசம் வராது மேடம்."

எனக்கும் சிரிப்பு வந்தது, வந்திருக்கக் கூடாது.
மருந்துக்குப் பணியாத கிருமி, வருஷக்கணக்கில் வைத்தியம்,
எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது.
சொல்லவில்லை.
சளி டப்பாவை மறுபடி அவன் கையில் கொடுத்தேன்.
அவன் பிள்ளையைக் கூப்பிட்டு
மெஷினில் ஏற்றினேன்.
ஐந்து வயது. டவுசர் நழுவாமல் பிடித்தபடி நின்றது.
"இவனுக்கு ஏன்?" என்றான்.
"வீட்டுல எல்லாருக்கும் பார்க்கணும்."
முள் ஆடி நிற்பதற்குள்
வலையைக் கீழே போட்டுவிட்டான்.

டாக்டர் பார்த்து, மறுபடி முதலிலிருந்து.
இந்த முறை விடியலில் இல்லை.
ஏலம் முடிந்து மாலை நான்குக்கு,
ஐஸ் ஃபேக்டரி பின்னால் மாசிலாமணி டீக்கடையில்,
இரண்டு இட்லிக்கு மேல்.
மாத்திரை டப்பா பன் பாட்டிலுக்குப் பின்னால் இருக்கும்.
மாசிலாமணி ஒரு காலத்தில்
என் நோட்டில் டிக் வாங்கியவர்.
அதை அவர் சொன்னால் உண்டு,
நான் சொல்வதில்லை.

முதல் நாள் ராத்திரி எட்டு மணி.
சட்னி தாளித்துக்கொண்டிருந்தேன்.
அஞ்சாபுலி.
இரண்டு மணியில் நிற்கவில்லை.
மூன்று, நான்கு.
கரண்டியைப் போட்டுவிட்டு எடுத்தேன், நெஞ்சு அடித்தது.

"மேடம்."
"சொல்லுங்க."
"நீங்க கேட்ட கலரு வந்துடுச்சு."

கடுகு கருகிப் போனது.
நாற்பத்தொரு டிக்கையும் அடித்துவிட்டு
பக்கத்தில் ஒன்று என்று எழுதினேன்.